கழிவறைக் காலண்டரில் இல்லாத நட்சத்திரம்

“அனுப்பாதேன்னு சொல்றேன்ல—”

“ஏன் அனுப்பக் கூடாது? ஒரு காரணம் சொல்லு, ஒரே ஒரு—”

“நகர்ற சிறுகோளா இருந்தா? மானம் போயிடும்.”

“மூணு மணி நேரம் விட்டு எடுத்த ரெண்டு படத்துலயும் அதே இடத்துல அசையாம இருக்கு. சிறுகோள் அப்படி உட்கார்ந்திருக்குமா, உன்னை மாதிரி?”

ஹார்மன் ரொட்டியின் மேல் சாக்லேட் துருவலைக் கொட்டிக்கொண்டே இருந்தார். ரொட்டி மறைந்து, தட்டும் மறையத் தொடங்கியது.

தோட்டத்துக் கொட்டகையில் உள்ள தொலைநோக்கி இரவில் தானாகப் படம் எடுக்கும். காலையில் காப்பியோடு உட்கார்ந்து, அவற்றைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு, எங்காவது புதுப் புள்ளி முளைத்திருக்கிறதா என்று தேடுவது அவர் மனைவி வீப்காவின் வேலை. பதினெட்டு வருடமாகத் தேடுகிறாள். வெடித்துச் சாகும் நட்சத்திரம் ஒன்றாவது தன் கண்ணில் முதலில் பட வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே பேராசை அதுதான். இன்று பட்டுவிட்டது.

“அந்த விண்மீன் மண்டலம் எனக்குத் தெரியாதா? அஞ்சு வருஷமா மார்ச் மாசம் பூரா கழிவறையில மூஞ்சிக்கு நேரா தொங்குது. ஓரத்துல அப்படி ஒரு புள்ளியே கிடையாது.”

அந்த நாட்டில் எல்லா வீட்டையும் போல அவர்கள் வீட்டிலும், வருடா வருடம் மாற்றத் தேவையில்லாத பிறந்தநாள் காலண்டர் கழிவறையில்தான். வானியல் சங்கம் போட்டது. மார்ச் மாதப் படம் ஹார்மன் எடுத்தது, சங்கத்துப் போட்டியில் முதல் பரிசு. அதே போட்டியில் சங்க உறுப்பினர் யோரிட் தன் படத்தில் செயற்கைக்கோள் கடந்துபோன கோடு ஒன்றை அழித்திருந்தார் என்று, சங்கத் தலைவரான ஹார்மன் எல்லார் எதிரிலும் அவரைப் போட்டியிலிருந்து நீக்கினார். படத்தில் கை வைப்பது வானத்திலேயே கை வைப்பதற்குச் சமம் என்று பத்து நிமிடம் பேசியும் இருந்தார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் ஹார்மன், தன் படத்தின் ஓரத்தில் இருந்த ஒரு நட்சத்திரம் லென்ஸில் ஒட்டிய அழுக்கு மாதிரி இருக்கிறதே என்று நைசாகத் துடைத்திருந்தார். துடைத்ததைப் பழைய படத்தின் மேலேயே சேமித்தும் விட்டார். இன்று வீப்கா ஒப்பிட்டது அதோடுதான்.

வேறு யாருடைய பழைய படத்தையாவது எடுத்துப் பார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தைதான் வாயில் வரவில்லை.

“பொறாமை,” என்றாள் வீப்கா.

“எனக்கா? எதுக்கும் நாளைக்கு இன்னொரு படம்—”

“நாளைக்கு மழை. அதுக்குள்ள ஜப்பான்ல எவனாவது அனுப்பிடுவான்.”

புது நட்சத்திர வெடிப்புகளைப் பதிவு செய்யும் மையத்துக்கு அனுப்ப, கணினியில் அறிக்கை தயாராக இருந்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும். இந்த நேரத்திலும் அது அவரைக் கொஞ்சம் உறுத்தியது. அனுப்பிவிட்டால், இல்லாத வெடிப்பைக் கண்டுபிடித்தவள் என்று அந்தப் பெயரைத்தான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கும்.

“ரெண்டாவது ஆள் பாக்காம அனுப்பக் கூடாது. சங்கத்து விதி,” என்றார்.

“தெரியும், நீ எழுதின விதி. யோரிட்டுக்குப் படம் அனுப்பியிருக்கேன். பாத்துட்டுக் கூப்பிடறேன்னார்.”

ஹார்மன் துருவல் டப்பாவைக் கீழே வைத்தார்.

“வீப்கா, அது எப்பவும் அங்கதான் இருந்தது.”

“எது?”

“அந்தப் புள்ளி. நான்தான் துடைச்சேன். காலண்டருக்காக. பாக்க நல்லா இல்லை.”

“நட்சத்திரத்தையா துடைச்சே?”

“சின்னதுதான்.”

வீப்கா அறிக்கையில் இருந்த தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். கடைசி எழுத்துக்கு வரும்போது கைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“என் படத்துல அது நல்லாவே இருக்கே, வீப்கா,” என்றார் யோரிட். “ஆறு வருஷத்துக்கு முந்தி எடுத்தது. உங்க படத்துல மட்டும் எப்படி இல்லாம போச்சு?”

வீப்கா கைபேசியைத் துருவலுக்கு நடுவே ஹார்மன் பக்கம் தள்ளினாள்.

“தலைவர் இங்கதான் இருக்கார், யோரிட். பத்து நிமிஷம் பேசுவார், கேட்டுக்குங்க.”