சிவப்புக் காலுறைக்காரர்கள்

ஊட்டியில் அமெரிக்கர்கள் நடத்திய ஒரு விடுதிப் பள்ளியில் டக்ளஸ் விளையாட்டு ஆசிரியராக இருந்தார். 1969ஆம் ஆண்டு, மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில் பிரின்சிபால் அவரைக் கூப்பிட்டு ஒரு பழைய படத்தை மேசைமேல் வைத்தார். அதில் பத்து ஆண்கள். அடர்ந்த கிருதா, முழங்காலுக்குக் கீழே நின்றுவிடும் கால்சட்டை, இறுக்கமான நீளக் காலுறை. சம்பளம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடிய முதல் அணி அது. ஊர் சின்சினாட்டி. அவர்கள் ஆடி நூறு வருஷம் ஆகிறது. நவம்பரில் பள்ளிக்கு நன்கொடை தருகிறவர்கள் அமெரிக்காவிலிருந்து வருகிறார்கள். அவர்கள் முன்னால் இதே உடுப்பில் ஓர் ஆட்டம் நடக்க வேண்டும்.

"இவர்களாக நிற்பதற்கு நம் பையன்கள் வேண்டாம். வளர்ந்த ஆண்கள் வேண்டும். பையன்கள் எதிர்த்து ஆடட்டும்," என்றார் பிரின்சிபால். "உடுப்பு அப்படியே இருக்க வேண்டும், டக்ளஸ். ஒரு பட்டன்கூட மாறக் கூடாது."

ஆட்கள் சுலபமாகக் கிடைத்தார்கள். ஊட்டிக்கு அடுத்த எமரால்டு பக்கம் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் காய்கறித் தோட்டங்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இளைஞர்கள் மூங்கில் கழியால் பந்தை அடித்துவிட்டு, குச்சி நட்ட இடங்களைச் சுற்றி ஓடுவதை டக்ளஸ் பார்த்திருக்கிறார். சிலோனில் அதற்கு எல்லே என்று பெயர். பேஸ்பாலுக்குப் பங்காளி போன்ற ஆட்டம். அவர்களில் வடிவேல் அடிக்கிற அடி தனி. பந்து எங்கே விழுந்தது என்று தேடவே இரண்டு பேர் போக வேண்டும்.

உடுப்புத்தான் கஷ்டமாக இருந்தது. பள்ளி நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சட்டையின் நெஞ்சில் பட்டன் வைத்த ஒரு துண்டு, அதில் ஒரு எழுத்து. அதுவரை தெரிந்தது. நிறம் எதுவும் தெரியவில்லை. எல்லாப் படமும் சாம்பல். கடைசியில் நூலகர்தான் குன்னூரில் தனியாக இருந்த ஒரு வயதான அமெரிக்க டாக்டரம்மாவின் பேரைச் சொன்னார்.

டாக்டரம்மாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. தமிழ் சரளமாக வந்தது.

"வெள்ளை ஃபிளானல். நெஞ்சுல சிவப்பு எழுத்து. காலுறை நல்ல ரத்தச் சிவப்பு," என்றார் யோசிக்காமல். "எங்கப்பா சின்ன வயசுல பாத்திருக்கார். அதுக்கு முன்னாடி எல்லா டீமும் நீளக் கால்சட்டைதான். இவங்க காலைச் சிவப்பாக் காட்டிட்டு வந்ததும் சனங்க சிரிச்சாங்களாம். அப்புறம் எல்லாரையும் ஜெயிச்சாங்க. சிரிப்பு நின்னுபோச்சு."

டக்ளஸ் எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டு எழுந்தார். டாக்டரம்மா கதவுவரை கூடவே வந்தார்.

"நிசமாவே சாயக் காலுறை போட்டு ஆடப்போறாங்களா?"

"ஆமாங்க."

"உள்ளே வெள்ளைக் காலுறை ஒண்ணு போடச் சொல்லு. எங்க அண்ணனும் சம்பளத்துக்கு ஆடினவன். அடுத்தவனோட ஷூ ஆணி கால்ல கிழிச்சுது. சின்னக் காயம். சாயம் உள்ளே இறங்கிடுச்சுன்னு சொன்னாங்க. வெள்ளை போடுற பழக்கம் எல்லாம் அவன் போன பின்னாடி வந்தது."

டக்ளஸ் அதைப் பிரின்சிபாலிடம் சொன்னார். பிரின்சிபால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"படத்தில் இருக்கிறவர்கள் உள்ளே வெள்ளை போட்டிருந்தார்களா?"

"இல்லை, சார். அது பின்னால் வந்தது."

"அப்படியானால் வேண்டாம்."

டக்ளஸ் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

காலுறைகளை வடிவேலின் அக்கா தெய்வம்மா பின்னினாள். சிலோனில் தேயிலைத் தோட்டத்துத் தொரைசாணிக்குப் பின்னிக் கொடுத்துப் பழகிய கை. வெள்ளைக் கம்பளி பள்ளியிலேயே இருந்தது. சாயத்துக்கு டக்ளஸ் ஊட்டி மார்க்கெட்டில் மருதாசலத்தின் கடைக்குப் போனார். பல டப்பாக்களைத் திறந்து பார்த்தார். டாக்டரம்மா சொன்ன நிறம் ஒன்றில்தான் இருந்தது.

"ஏனுங்க மாஸ்டர், இது சாக்குல மார்க் போடற சாயமுங்க," என்றார் மருதாசலம். "மேலுக்குப் போடற துணிக்கு ஆகாதுங்க."

"ஒரு நாள் ஆட்டத்துக்குத்தானுங்க."

சாயம் கம்பளியில் நிற்கவில்லை. தெய்வம்மா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்தாள், ஓடையில் அலசினாள், திரும்ப அலசினாள். சிவப்பு போய்க்கொண்டே இருந்தது. கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு படுகர் இனப் பெண் மேட்டில் ஏறி வந்து, இங்கே எதை வெட்டினீர்கள் என்று கேட்டாள். தெய்வம்மா சிவந்திருந்த கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். ஏன் மறைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆட்ட நாளில் காலையிலிருந்தே மேகம் தரையோடு தரையாக வந்து படுத்திருந்தது. புல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. எமரால்டு ஆட்கள் வெள்ளை உடுப்பும் சிவப்புக் காலுறையுமாக வரிசையில் இறங்கியபோது விருந்தாளிகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாருடைய கேன்வாஸ் ஷூவும் ரோஜா நிறமாகிவிட்டது. அதற்கும் சிரித்துக் கை தட்டினார்கள்.

வடிவேல் மூன்று முறை பந்தை மேகத்துக்குள் அனுப்பினான். நான்காவது முறை ஓடிப் போய்ச் சறுக்கி விழுந்த இடத்தில், ஆணி ஷூ போட்ட பள்ளிப் பையன் ஒருவன் அவன் கெண்டைக்கால்மேல் இறங்கினான்.

டக்ளஸ் ஓடினார். "வடிவேலு, அடி பட்டுச்சா?"

"இல்லைங்க சார். லேசா இடிச்சிருச்சு." எழுந்து காலை உதறிக்கொண்டான். காலுறை சிவப்பாக இருந்தது. ஷூ சிவப்பாக இருந்தது. பக்கத்தில் நின்ற மற்றவர்களுடையவையும் அப்படித்தான் இருந்தன. வேலியோரம் நின்ற தெய்வம்மாவும் பார்த்தாள். சாயம் இன்னும் போகிறதே என்று வெட்கப்பட்டாள்.

வடிவேல் ஆட்டம் முடியும்வரை ஆடினான். போட்டோவுக்கு நின்றான். இருட்டுவதற்குள் எல்லாரும் லாரியில் எமரால்டு போய்ச் சேர்ந்தார்கள்.

வீட்டில் காலுறையைக் கழற்றும்போது அது வரவில்லை. கம்பளி சதையோடு ஒட்டியிருந்தது. தெய்வம்மா வெந்நீர் ஊற்றினாள். ஊற்றிய தண்ணீர் சிவப்பாக ஓடியது. மறுபடி ஊற்றினாள். அதுவும் சிவப்பு. எது சாயம், எது ரத்தம் என்று தெரியாமல் அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"விடுக்கா, வேலைக்குப் போனா சரியாயிரும்," என்றான்.

கேரட் பிடுங்கப் போனான். சேற்றில் நின்றான். சில நாளில் கால் தொடைவரை வீங்கி, காய்ச்சலில் அவன் சிலோனில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கங்காணியின் பேரைச் சொல்லிப் பேச ஆரம்பித்தான். அன்று காலை யாரோ வந்து சொல்லித்தான் டக்ளஸுக்குத் தெரிந்தது. பள்ளி ஜீப்பில் ஊட்டிக்கு, அங்கிருந்து கோயம்புத்தூருக்கு. காரணம் சாயமா, சேறா, ஆணியின் துருவா என்று அங்கிருந்த டாக்டரால் சொல்ல முடியவில்லை. காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னார். எடுத்தார்.

டக்ளஸ் ஆஸ்பத்திரிக்குப் போய், குன்னூர் டாக்டரம்மா சொன்னதை வடிவேலிடம் சொல்லிவிட்டார். சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

வடிவேல் மேலே சுற்றிய விசிறியைப் பார்த்தபடி சொன்னான். "எனக்குச் சொல்லியிருந்தாலும் ஆடியிருப்பேன் சார். இந்த நாட்டுக்கு வந்து எங்க ஆளுகளப் பாத்து நாலு பேரு எந்திரிச்சு நின்னது அன்னைக்கு மட்டுந்தான்."

வராந்தாவில் தெய்வம்மா காத்திருந்தாள்.

"அவன் அப்புடித்தான் சொல்லுவான்," என்றாள். "எங்கிட்ட சொல்லியிருக்கலாந்தானே சார்? பின்னுனது நாந்தானே. வெள்ளையில ஒரு ஜோடி சேத்துப் பின்ன மாட்டேன்னா சொல்லுவேன்? யாருக்கும் தெரியாம உள்ளுக்கப் போட்டுவிட்டிருப்பேனே."

டக்ளஸுக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்த வருஷமும் விருந்தாளிகள் வருவதாகக் கடிதம் வந்தது. அந்த ஆட்டத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டுமாம். டக்ளஸ் முடியாது என்றார். பிரின்சிபால் கோபப்படவில்லை, அந்தப் பொறுப்பை வேறொரு மாஸ்டரிடம் கொடுத்தார். அதே சாயம், அதே காலுறை. வடிவேலின் இடத்துக்கு மட்டும் புது ஆள் தேட வேண்டியிருந்தது.

டக்ளஸ் எமரால்டுக்குப் பஸ் ஏறினார். அவர்கள் குடியிருந்த லயத்துக்கு முன்னால் ஆட்களைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னார். அந்தச் சிவப்பில் காயம் பட்டால் தெரியாது என்றார். போகாதீர்கள் என்றார். வடிவேல் வாசலில் கட்டைகளை ஊன்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உறைபனி விழ ஆரம்பித்திருந்த காலம். கேட்டவர்களில் பலர் சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். காலில் ஒன்றும் இல்லை.

அவர் முடித்த பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சார், ஆட்டம் முடிஞ்சதும் அந்தச் சாக்ஸ எங்களுக்கே குடுத்துருவாங்களா?"