இரண்டாவது பிடி

ஒரு மனிதனின் யோக்கியதையை அறிய அவனிடம் எதுவும் கேட்க வேண்டாம், அவன் மனைவி வாசலைக் கடக்கும்போது வாசல் எவ்வளவு நிறைகிறது என்று பார்த்தால் போதும் என்பது ஞானசிங்கின் சித்தாந்தம். தக்கலைக்குப் பக்கத்துச் சபையில், கமிட்டிக் கூட்டத்திலேயே அதைச் சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

அந்தக் கணக்கில் சபையிலேயே பெரிய யோக்கியர் அவர்தான். அவர் மனைவி ஜெயபாய் வாசலைப் பக்கவாட்டில்தான் கடந்தாள். அவருடைய வயிறும் சளைத்ததல்ல. அது முதலில் கோயிலுக்குள் நுழையும், பின்னால் அவர் வருவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில், அறுப்பின் பண்டிகையன்று எல்லாரும் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது சரணத்தில் ஜெயபாய்க்கு மூச்சு முட்டியது. அப்படியே சரிந்து விழுந்தாள்.

மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர் மருந்தே தரவில்லை.

"அம்மா, உம்முடைய இருதயம் இரண்டு பேரைச் சுமக்கிறது. ஒருத்தியை மெள்ள இறக்கிவிடும். தினம் ஒரு மணி நேரம் நடவும். சோற்றில் இருக்கிற சூட்டுக்குக் கலோரி என்று ஓர் அளவு உண்டு. அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அடுத்த பண்டிகைக்கு உம்மைத் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள்."

திரும்பி வரும் வழியெல்லாம் ஞானசிங் வில்வண்டி குலுங்கச் சிரித்தார்.

"கலோரியாம்! சோத்துக்குள்ள சூடு இருக்காம். சூடு அடுப்புலயாக்கும் இருக்கு! ஏட்டி, ஜோலி இல்லாம நடக்கது பைத்தியமும் தெருநாயும்தான். எனக்க வீட்டுல சோத்தக் கொறச்சா, நெல்லுப் பத்தாயம் காலின்னு ஊரு சொல்லாதா?"

கடைசிச் சரணம்வரை நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஜெயபாய்க்கு.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று பானையில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பது சபை வழக்கம். போட்ட அரிசியை யாரும் திரும்ப எடுக்கக் கூடாது. இதைப் பற்றி மூன்று பிரசங்கம் செய்தவர் ஞானசிங். மறுநாள் ஜெயபாய் முதல் பிடியைப் போட்டுவிட்டு, தன் பங்கிலிருந்து இரண்டாவது பிடியையும் போட்டாள்.

"அது ஆருக்கு?" என்றார் ஞானசிங்.

"கர்த்தருக்கு."

"ஒரு பிடிதானே வழக்கம்?"

"கர்த்தருக்குக் கொடுக்கதுக்குக் கணக்குப் பாக்கவா சொல்லுதிய?"

நான்காவது பிரசங்கத்துக்கு அவரிடம் விஷயம் இருக்கவில்லை.

விடியற்காலையில் அவள் வயலுக்குத் தண்ணீர் போகும் சானல் கரையில் இறங்கி நடந்தாள். எதிரே வந்தவர்கள், "எங்க போறிய?" என்றார்கள். "எங்கயும் இல்ல" என்றாள். இந்தப் பதிலில் ஊர் ஆடிப்போயிற்று. ஒரு பெண்பிள்ளை வெறுங்கையோடு இரணியல் பக்கமாய், அதாவது பிறந்த வீட்டுத் திசையில், தினமும் நடந்தால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. நான்காம் நாள் உபதேசியார் ஞானதாசன் வேதபுத்தகத்தோடு வீட்டுக்கு வந்து, மன்னிப்பைப் பற்றி ஓர் அதிகாரம் வாசித்து, புருஷன் கையையும் மனைவி கையையும் சேர்த்துவைத்து ஜெபம் பண்ணினார். யாரை எதற்கு மன்னிப்பது என்று தெரியாமலே ஞானசிங் ஆமென் சொன்னார்.

உபதேசியார் போனதும் ஞானசிங் வெடித்தார். "நாளைக்கு நீ நடந்தியோ, ஊரு என்ன சொல்லும் தெரியுமா?"

"சொல்லட்டும். நான் விழுந்தப்போ ஒங்க ஊரு பாட்ட நிறுத்திச்சா? நாலாம் சரணத்தயும் பாடி முடிச்சுட்டுத்தானே என்னத் தூக்குனிய? நாளைக்கும் நடப்பேன். நாளக்கழிச்சும் நடப்பேன்."

அது உண்மைதான். நாலாம் சரணத்தில் ஓங்கிக் கேட்ட குரலே அவருடையதுதான்.

"அப்ப வண்டி கட்டித் தாறேன். வண்டியில இருந்து நட" என்றார், கௌரவம் குலையாமல்.

மறுநாள் அவளுக்குப் பின்னால் காலி வண்டி வந்தது. அவள் ஏறவில்லை. வண்டியும் விடவில்லை. மூன்று மாதத்தில் முதலில் மெலிந்தது காளைதான். பிறகு ஜெயபாயின் சட்டை தொளதொளத்தது. தையலைப் பிரித்து இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். ஆனி மாதம் ஒருநாள் வாசலை நேராகக் கடந்தாள். ஞானசிங் அன்று தம் சித்தாந்தத்தைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

அடுத்த அறுப்பின் பண்டிகையில் அவள் நாலு சரணமும் நின்று பாடினாள். நாலாவதில், ஆண்கள் பக்கத்தில், ஓங்கி ஒலித்த குரல் ஒன்று நடுவில் அறுந்தது. திரும்பிப் பார்த்தாள். ஞானசிங் உட்கார்ந்துவிட்டிருந்தார். முகம் வெளுத்து, விழாத மூக்குக்கண்ணாடியைக் கீழே தேடிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் கோயில் அரிசிப் பானை சனிக்கிழமைக்குள் நிறைந்துவிட்டது. தன் கைப்பிடி அவளுக்குத் தெரியும். இது அதைவிடப் பெரிய கை.

திங்கட்கிழமை விடியலில் வண்டி கட்டியிருக்கவில்லை. காளை தொழுவில் நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. அவள் சானல் கரையேறினாள். தூரத்தில், மடக்கிய குடையோடு, ஒரு வயிறு மேல்மூச்சு வாங்கிப் போய்க்கொண்டிருந்தது. எதிரே உபதேசியார்.

"எங்க போறிய?"

"காளையக் காணல்ல. தேடுகேன்" என்றார் ஞானசிங்.

ஜெயபாய் நடையைக் கொஞ்சம் தளர்த்தி, அவரை முன்னே போகவிட்டாள்.

செவ்வாய்க்கிழமையும் காளை கிடைக்கவில்லை. புதன்கிழமையும் கிடைக்கவில்லை.