இந்த முறை என்ன வியாதி?

காமினியின் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது. கெலுகோர் அடுக்குமாடி வீட்டில் அன்று மாலை குடும்பம் கூடிப் பேசியது அதைப் பற்றி அல்ல. வெளியே என்ன சொல்வது என்பதைப் பற்றி.

மூன்று வருடத்துக்கு முன்பு அவளுக்கு வலப்பக்கச் சினைப்பையை மட்டும் எடுத்தார்கள். பிள்ளை பெற வேண்டுமே என்று காமினிதான் டாக்டரிடம் கெஞ்சி இடப்பக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டாள். மாமியார் ஜெயலெட்சுமி ஊருக்கெல்லாம் குடல்வால் ஆப்பரேஷன் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மிச்சமிருந்த சினைப்பை குடும்பச் சொத்து ஆனது; மாதம் தவறாமல் அதன் நலம் விசாரிக்கப்பட்டது. இப்போது கட்டி அதில்தான். வருகிற செவ்வாய்க்கிழமை அதையும் கருப்பையையும் சேர்த்து எடுத்தாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், அடுத்த மாதம் நாத்தனாருக்குக் கல்யாணம். குடல்வாலை இரண்டு தடவை எடுக்க முடியாது.

மாமனார் முனுசாமி பித்தப்பைக் கல்லை முன்மொழிந்தார். வீட்டுச் சாப்பாட்டில் எண்ணெய் அதிகம் என்பார்கள் என்று ஜெயலெட்சுமி அதைத் தள்ளினார். குடலிறக்கம் ஆண்பிள்ளை வியாதியாம். சிறுநீரகக் கல் ஏறக்குறையத் தேறியது. உறவில் மூன்று பேருக்கு அது இருப்பதால் வைத்தியம் சொல்ல வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் அதுவும் விழுந்தது.

கடைசியில் கணவன் தயாளன் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினான். "கல்யாணம் முடியட்டும் லா. ஒரு மாசம்தானே?"

"அதுக்குள்ள ஒரு பிள்ளைக்கும் பார்த்துடலாம்," என்றார் ஜெயலெட்சுமி.

அந்தப் பிள்ளைக்குக் காமினி பெயர்கூட வைத்திருந்தாள்; யாரிடமும் சொன்னதில்லை. அழுது தீர்க்க ஒரு மாதம் கிடைத்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கட்டி காத்திருக்காது.

அவள் நாத்தனாருக்கு மாமியாராகப் போகிறவரை, தாசேக் கெலுகோரில் இருக்கும் சம்பந்தியம்மாவை ஃபோனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆன்ட்டி, எனக்கு ஓவரியில கேன்சர். முன்னாடி வந்தது, திரும்ப வந்திருக்கு. செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன். கல்யாணத்துல என்னால ஓடியாட முடியாது."

முனுசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"எந்த ஆஸ்பத்திரிம்மா? நான் வந்து உட்கார்றேன்," என்றார் சம்பந்தியம்மா. "எனக்கு மார்புல வந்தப்ப பக்கத்துல ஒருத்தரும் இல்ல. முழங்கால் ஆப்பரேஷன்னு சொல்லி வெச்சிருந்தோம், அதான்."

ஃபோனை வைத்ததும் ஜெயலெட்சுமி கொதித்தெழுந்தார். இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்துச் சம்பந்தம் பேச அவர்களுக்கு எப்படி மனசு வந்தது, உலகத்தில் நேர்மை என்று ஒன்று இல்லையா என்று முனுசாமியைப் பிடித்துக்கொண்டார்.

தயாளன் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று காமினியிடம் மெல்லக் கேட்டான்.

"காலைல ஆறு மணிக்கு," என்றாள் அவள். "முதல்ல லீவு போடுங்க. ஆன்ட்டி வர்றாங்களேன்னு சும்மா இருந்துடாதீங்க."