கொலுசு ஏறாத கால்

இடது காலில் கொலுசு ஏறவில்லை. வலது காலில் சமர்த்தாக ஏறி, அசைக்கும்போது கலகலவென்று சிரிக்கவும் செய்தது. அமுதம் எவ்வளவு இழுத்தும் இடது கொலுசின் இரண்டு நுனிகளும் சேரவில்லை. கெண்டைக்கால் விண்விண்ணென்று தெறித்தது, தொட்டால் சுட்டது. கூத்தாண்டவர் திருவிழா நெருங்கிவிட்டது. உள்ளே துணி அடைக்காமல் போடப்போகிற முதல் ரவிக்கை தைத்து வந்து பெட்டியில் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் காலை மறக்கப் பார்த்தாள்.

"யானைக்கால்டி இது" என்றாள் தையலம்மாள். ஏம்பலத்தில் பெற்றவர்கள் பக்கிரி என்று பேர் வைத்து வளர்த்து, புடவை கட்டியதும் அடித்துத் துரத்திய அமுதத்தை, பாகூரில் மகளாகச் சேர்த்துக்கொண்டவள். "இந்த ஊருல வூட்டுக்கு ஒரு யானைக்கால் கெடக்குது. இதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு! எண்ண போட்டு நீவுனா வடிஞ்சிடும்."

யானைக்காலாகவே இருந்துவிடட்டும் என்று அமுதத்துக்கும் ஆசைதான். அதோடு எத்தனை பேர் நடவு நடுகிறார்கள், கல்யாணம் கட்டுகிறார்கள். ஆனால் மரியதாஸ் முதல் ஊசி போட்ட அன்று சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அவன் டவுனில் கம்பவுண்டர். பிரெஞ்சு மருந்துக் கடையில் மார்பு வளரப் போடுகிற பொம்பளை ஊசியை யாருக்கும் தெரியாமல் வாங்கி, சைக்கிளில் கொண்டுவந்து போடுகிறவன்.

"ஒத்தக் கால் வீங்குச்சின்னா மறைக்காத. புள்ள பெத்தவங்களுக்கு வந்து பாத்திருக்கேன், இந்த ஊசிக்கும் வரலாம். கால்ல ரத்தம் கட்டிக்கும். நீவவே கூடாது. கட்டி பேந்து நெஞ்சுக்கு ஏறிடும். மூச்சு முட்டிப் பூடுவாங்க."

கொலுசு ஏறாத அன்று மத்தியானமே அவன் வந்தான்.

"ஊர வுட்டுப் போற பிரெஞ்சு துரைங்களோட மருந்தும் கப்பலேறிடுச்சி. இதான் கடைசி ஊசி. கை கால்லாம் நல்லாருக்கா?"

அமுதம் புடவையைப் பாதம்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். சொன்னால் ஊசி பைக்குள் திரும்பிப் போய்விடும். அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவான். அங்கே ஆம்பளைகள் வார்டில் பக்கிரி என்று படுக்கவைத்து, நாலு பேர் பார்க்கத் துணியை அவிழ்ப்பார்கள். அதற்குச் செத்துப்போகலாம்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குதுண்ணே" என்று சிரித்தாள். அவனும் நம்பினான். ஊசி போட்டுவிட்டு அவன் தெருமுனை திரும்பியதும்தான் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

தையலம்மாள் வெதுவெதுப்பான எண்ணெயோடு வந்து உட்கார்ந்தாள்.

"வேணாம்மா."

"ஏன்டி?"

காரணத்தைச் சொன்னால் கிழவி இந்த நிமிஷமே மரியதாஸின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடுவாள். திருவிழா முடியட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்தாள். காலை நீட்டினாள்.

தையலம்மாள் கணுக்காலிலிருந்து தொடைவரை அழுத்தி அழுத்தி நீவினாள். பெற்றவள்கூட அப்படித் தொட்டதில்லை. கட்டைவிரல் பதிந்த இடமெல்லாம் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

"பாத்தியா, கொறஞ்சிருக்கு. எங்க, அந்த ரவிக்கையப் போட்டுக் காட்டு."

கொக்கிகள் ஒவ்வொன்றாகக் கச்சிதமாக மாட்டின. கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும் அமுதத்துக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் காத்திருந்தது இவளுக்காகத்தான். நன்றாக மூச்சை இழுத்து நிமிரப் பார்த்தாள். விலாவுக்குள் எதுவோ சுருக்கென்றது. இழுத்த மூச்சு பாதியிலேயே நின்றது.

"இன்னாடி, வேர்க்குது?"

"ரவிக்க... புடிக்குதும்மா."

"புடிக்காம?" தையலம்மாள் பூரித்துப்போய்ச் சிரித்தாள். "வளந்துட்டியேடி!"

அமுதமும் சிரித்தாள். மேல் கொக்கியைக் கழற்றினாள். பிறகு அடுத்ததை. அதற்கடுத்ததையும். எல்லாம் திறந்தும் மூச்சு உள்ளே போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். காலில் பதிந்த விரல் பள்ளங்கள், எண்ணெய் மினுங்க, இன்னும் மேலெழவில்லை.