பக்க ஓரத்துப் பெருவிரல்

நிரஞ்சனி டெப்பின் தொடுதிரையைத் திறந்ததும் பாட்டைப் பார்க்க மாட்டாள். முதலில் பெருவிரலைத்தான் பார்ப்பாள்.

எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வலது கீழ் மூலையில் அது இருக்கும். நகத்தின் நடுவே ஒரு வெடிப்பு. முப்பது வருஷம் கந்தோரில் முத்திரை குத்திக் குத்தி, ரேகைக்குள் ஊறிப்போன ஊதா மை. அது அவள் புருஷன் திவாகரனின் விரல். ஆள் போய் இரண்டு மாதம். விரல் மட்டும் நூற்றுப்பன்னிரண்டு பக்கங்களில் பாட்டுத் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

அம்பிட்டிய மேட்டுக் கோயிலில் பதினெட்டு வருஷமாக ஓர்கன் வாசிக்கிறவள் நிரஞ்சனி. அந்தப் பதினெட்டு வருஷமும் அவளுக்கு இடப்பக்கம் நின்று தாள் திருப்பியவர் திவாகரன். அவருக்கு இசை நோட்டு வாசிக்கத் தெரியாது. எப்படித் திருப்புகிறீர்கள் என்று கேட்டால், நோட்டு எனக்கு எதுக்கு, இவள் மூச்சு இழுக்கிறதைப் பார்த்தால் போதாதா என்பார். ஆனால் எப்போதும் நோட்டில் ஒரு கட்டம் முந்தித் திருப்பிவிடுவார். பக்கத்தின் கடைசிக் கட்டத்தை அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்து வாசித்ததில்லை. மனப்பாடமாக வாசித்துச் சமாளிப்பாள். வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடிப்பாள்.

இந்த வருஷம் ஈஸ்டர் பூசையில் வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கவில்லை. பாடகர் குழு முழுக்க நிற்க, சொல்லிவிட்டாள்.

"உங்களுக்குப் பதிலா ஒரு மெசின் நின்னாலும் நேரத்துக்குத் திருப்பும்."

எல்லாரும் சிரித்தார்கள். கூடுதலாகச் சிரித்தவர் திவாகரன்தான். அடுத்த கிழமையே கண்டி டவுனுக்குப் போய் ஒரு டெப்போடு வந்தார். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, இடக்கையில் டெப்பைத் தூக்கி, வலக்கைப் பெருவிரலால் தாளை அமத்தி, நாலு நாள் படம் எடுத்தார். படம் எடுத்து முடிந்த தாள்களைக் கயிற்றால் கட்டிவைத்தார். ஐந்தாம் நாள் காலை பல் தீட்டப் போனவர் அங்கேயே விழுந்தார், திரும்பி வரவில்லை. செத்த வீட்டுக்கு இடம் ஒதுக்கிய சொந்தக்காரர்கள், பழைய பத்திரிகை என்று நினைத்து அந்தக் கட்டைப் போத்தல் பேப்பர் எடுக்கிறவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மெசின் கேட்டாள், மெசின் வந்தது. நின்ற மனுஷன் இடத்தை விட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நிரஞ்சனியின் மனசு கணக்குப் போட்டது அப்படித்தான். யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை.

டெப்பில் பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது கீழ் மூலையைத் தொட வேண்டும். அதாவது, அந்த விரலைத் தொட வேண்டும். அங்கேதான் வந்தது வினை. வியாழக்கிழமைப் பயிற்சியில் ஒவ்வொரு பக்க முடிவிலும் அவள் கை நீளும், கண்ணாடிக்கு ஒரு அங்குலத்தில் நின்றுவிடும். பாடுகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒருதரம் துணிந்து தொட்டாள். மூலை சூடாக இருந்தது. பெட்டரி அம்மா, எல்லா டெப்பும் இப்படித்தான் சுடும் என்றாள் மகள் கஜனி. மற்ற மூன்று மூலையும் ஏன் குளிர்ந்திருக்கிறது என்று நிரஞ்சனி கேட்கவில்லை.

பயிற்சி முடிந்து ஃபாதர் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனுஷர். ஞாயிற்றுக்கிழமை திருவிழா, சனம் நிறைய வரும், பாட்டெல்லாம் மைக் பார்க்கிற திலக்ஷன் பென் டிரைவில் வைத்திருக்கிறான், டீச்சர் கொஞ்ச நாள் ஓய்வு எடுங்களேன் என்றார். கோயிலில் ஓய்வு எடுத்தவர்களை யாரும் திரும்பக் கூப்பிட்டதாக நிரஞ்சனிக்கு ஞாபகம் இல்லை. அந்த ஓர்கனும் போனால் தனக்கு என்ன மிஞ்சும்? இந்த ஒருதரம் வாசிக்கிறேன் ஃபாதர், தடக்கினால் நானே எழும்பிவிடுகிறேன் என்றாள். சரி, பென் டிரைவும் தயாராக இருக்கட்டும் என்றார் அவர்.

அன்று பின்னேரம் கஜனி டெப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா வெரல வெட்டிடவாம்மா?"

கேட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று பிள்ளைக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் ஒரு பக்கத்தில் செய்து காட்டினாள். விரல் இருந்த மூலை வெள்ளையாகக் கிடந்தது, முகத்தில் இழுத்து மூடிய துணி மாதிரி. நிரஞ்சனியால் அதைப் பார்க்க முடியவில்லை. திரும்பப் போடு என்றாள். இரண்டுதரம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்து, வாசலுக்கு வெளியேயும் சனம் நின்றது. பாடகர் குழு ஓர்கனைச் சுற்றி நெருக்கியடித்து நின்றது. இடப்பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த இடத்தை விடுங்கள் என்று யாரும் சொன்னதில்லை. யாரும் அதில் நின்றதுமில்லை.

முதல் பாட்டுகள் ஒவ்வொன்றும் ஒரே பக்கம், கரைச்சல் இல்லை. நற்கருணைப் பாட்டு மூன்று பக்கம். முதல் பக்கம் முடிந்தது. நிரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டு விரலின் மேல் விரலை வைத்தாள். சூடு. அவளால் கையை எடுக்க முடியவில்லை. செத்த வீட்டிலும் பிடிக்காத கையை அப்போதுதான் பிடித்ததுபோல் அப்படியே வைத்திருந்தாள்.

தொட்டு எடுத்தால்தான் திரும்பும். பிடித்து வைத்தால் அந்த மெசின் வேறு கேள்வி கேட்கும். கண்ணைத் திறந்தபோது நோட்டை மறைத்துக்கொண்டு திரையில் ஒரு கேள்விப் பெட்டி நின்றது.

"இந்தப் பக்கத்தை நீக்கவா?"

கீழே, ஆம். இல்லை.

அவளுடைய இடக்கை மட்டும் அடிச் சுரத்தை அமத்திக்கொண்டு முனகியது. பாட்டு தளர்ந்தது. திலக்ஷனின் கை பென் டிரைவ் பெட்டியின் பொத்தானுக்குப் போனதை ஓரக்கண்ணால் கண்டாள். பாடகர் குழுவின் பின்வரிசையில் சுந்தரி மட்டும் விடாமல் இழுத்துப் பாடிக்கொண்டிருந்தாள், கரடுமுரடான குரலில், சுருதி கொஞ்சம் விலகி. நிரஞ்சனி 'இல்லை'யை அழுத்தினாள். கையை எடுத்தாள். அந்த விரலை ஒருதரம், ஈ உட்கார்ந்து எழும்புகிற அளவுக்குத் தொட்டாள். பக்கம் திரும்பியது.

இரண்டாம் பக்கத்தின் முடிவு வந்தது. கடைசிக் கட்டம் விரலுக்கு அடியில் மறைந்திருந்தது. தெரியாத இடத்தை எதற்குப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது என்று, அவள் ஒரு கட்டம் முந்தியே தொட்டாள். அடுத்த பக்கம் வந்து நின்றது. கை மனப்பாடத்தில் ஓடியது, கண் புதுவரியைப் பிடித்தது, பாட்டு ஒரு நூலும் அறாமல் போனது. முந்தித் திருப்பினால்தான் அறாது. நேரத்துக்குத் திருப்பினால் பிந்திவிடும். பதினெட்டு வருஷம் சண்டை பிடித்த விஷயம், கடவுளே, அவ்வளவுதான்.

பாட்டு முடிந்தது. திலக்ஷன் பென் டிரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வேகாத வெயிலுக்குப் பயந்த சிலர் இறுதி ஆசீருக்கு முன்பே மெல்லக் கழன்றார்கள்.

நிரஞ்சனி டெப்பில் அடுத்த பாட்டை எடுத்தாள். விரல் அங்கே இருந்தது. அவள் குனிந்து அதனிடம் மெதுவாகச் சொன்னாள்.

"நில்லுங்க. போயிராதீங்க. இன்னும் நன்றிப் பாட்டு இருக்கு."

அவளுக்கு முன்னால் வாசலை நோக்கி நழுவிக்கொண்டிருந்த சுந்தரி, தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நின்றாள். போகலையே டீச்சர், சும்மா காத்து வாங்கத்தான் என்று பொய் சொல்லிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினாள். ஓர்கனின் இடப்பக்கத்தால் வந்தால் நேர்வழி, இரண்டு எட்டு. ஆனால் சுந்தரி அப்படி வரவில்லை. அந்த வெறும் இடத்துக்குக் கிட்ட வந்ததும் சேலைத் தலைப்பை ஒதுக்கிப் பிடித்து, தோளைச் சரித்து, நிற்கிற ஆளில் முட்டாமல் விலகிப் போகிறவள்போல் சுற்றிக்கொண்டு போய்த் தன் வரிசையில் நின்றாள்.

நன்றிப் பாட்டுக்காக, இடப்பக்கத்துக்குத் தெரிகிற மாதிரி, நிரஞ்சனி மூச்சு இழுத்தாள்.