வெள்ளிக்கிழமைக் கடிதத்தின் முதுகு

முந்நூற்று அறுபது. தன் மூக்கைத் தானே சிந்தத் தெரியாதவர்கள் படிக்கிற ஒரு மழலையர் பள்ளிக்கு நான் வைத்திருந்த பாக்கி அது. வைத்திருந்தது எனக்கே தெரியாது, அதுதான் விசேஷம்.

அந்தப் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையின் பையில் ஒரு கடிதம் வரும். இந்த வாரம் என்ன படித்தார்கள், அடுத்த வாரம் என்ன கொண்டுவர வேண்டும் என்று வீட்டுக்குச் சேதி. குடோனில் மூட்டை இறக்கிவிட்டு வந்து, கை கால் கழுவி, அதை உரக்கப் படிப்பது என் பொறுப்பு. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது மகள் பிறந்த பிறகுதான். ஒரு பக்கம் முடிப்பதற்குள் ஒரு லாரி இறக்கிய களைப்பு வந்துவிடும். மனைவி எதிரில் துணி மடித்தபடி கேட்பாள்.

"'இந்த வாரம் நம் செல்லங்கள் மஞ்சள் நிறத்தைச் சந்தித்தார்கள்.'"

"எங்கே சந்திச்சாங்களாம்?"

"போடலை. 'ஏழு என்ற எண்ணோடு நட்பானார்கள். ஒரு செல்லம் மட்டும் மஞ்சள் வண்ணத்தைக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டது. நலமாக இருக்கிறது.'"

"ஐயோ, நம்ம நண்டா?"

நண்டு எங்கள் மகள். ஓர் இடத்தில் நிற்காது, நின்றாலும் பக்கவாட்டில் நகரும். "நான் பச்சைதான் சாப்பிட்டேன்," என்றது கட்டிலுக்கு அடியிலிருந்து.

'அடுத்த வாரம்: அப்பா அம்மாவின் வேலை. அவர்கள் கையாளும் கருவி ஒன்றைத் திங்கட்கிழமை கொடுத்தனுப்பவும்.' அதற்குக் கீழே பூ, முயல், சிரிக்கிற சூரியன். முடிந்தது. கடிதத்தை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தேன். எல்லா வாரமும் அதன் கதி அதுதான்.

மனைவிக்கு மருத்துவமனைச் சலவையில் வேலை. "என் மிஷினைப் பையில வெக்க முடியாது. உங்களோடதைக் குடுங்க," என்றாள்.

என்னுடையது கொக்கி. மரப்பிடி போட்ட இரும்பு. நுனியை மூட்டையில் மாட்டி இழுப்போம், ஊசி மாதிரி இருக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்து, கோணியில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையிலேயே குடோனுக்குப் போன் வந்தது. சூப்பர்வைசர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "உன் பொண்ணு ஆயுதத்தோட பிடிபட்டிருக்காளாம். போ, போய் ஜாமீன் எடு."

தலைமையாசிரியை அறையில் நாற்காலிகள் எல்லாம் முழங்கால் உயரம். உட்கார்ந்தால் என் முட்டி தாடையை இடித்தது. மேசைமேல் கொக்கி. பக்கத்தில் கட்டணம் வாங்குகிற அம்மா நின்றார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் ரசீதக்கா.

"என்னங்க இது?" என்றார் தலைமையாசிரியை.

"கொக்கிங்க. நீங்கதான் கேட்டீங்க."

"கரண்டி, தொப்பி, அளக்குற டேப்பு, இந்த மாதிரி வரும்னு நினைச்சோம். உங்க பொண்ணு என்ன பண்ணா தெரியுமா? ஊஞ்சல்ல இருந்த பையனோட கால்சட்டையில இதை மாட்டி இழுத்திருக்கா."

"வந்தானா?"

"கால்சட்டை வந்துச்சு."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரசீதக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லவேளை, யாருக்கும் கீறல் படலை. கூரான பொருள் கூடாதுன்னு கடிதத்துலேயே போட்டிருக்கோமே?"

"எங்கே போட்டீங்க? முழுசும் படிச்சேனே."

அவர் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். பிறகு அதைத் திருப்பினார்.

எங்கள் குடோன் சீட்டுக்குப் பின்பக்கம் வெறும் வெள்ளை. சுருட்டிக் காது குடைய மட்டும் ஆகும். இதன் முதுகிலோ எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. கூரான பொருள் கூடாது. புதன்கிழமைகளில் பள்ளி பன்னிரண்டரைக்கே விடும். தாமதமாக அழைத்துப்போனால் தடவைக்கு நாற்பது. பாக்கி வைத்தவர் பிள்ளைக்கு, வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையம் பார்க்கப் போகிற பஸ்ஸில் இடம் கிடையாது.

புதன் எனக்கு விடுமுறை. மற்ற நாட்களில் பள்ளி விடுகிற ஒரு மணிக்கு நான்தான் அழைக்கப் போவேன். எப்போது போனாலும் பள்ளி காலி, நண்டு மட்டும் ஊஞ்சலில் மகாராணி மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். மற்ற பெற்றோருக்கு அப்படி என்ன அவசரமோ என்று பரிதாபப்பட்டுக்கொண்டு வருவேன். நண்டும் மூச்சு விடவில்லை. ஊஞ்சல் முழுசாகத் தனக்கே கிடைக்கும்போது யார் காட்டிக்கொடுப்பார்கள்?

"ஒன்பது புதன்," என்றார் ரசீதக்கா. "முந்நூத்தி அறுபது."

தீயணைப்பு நிலையம் என்ற சொல் பள்ளியில் காதில் விழுந்த நாளிலிருந்து நண்டு தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு வீடு முழுக்கச் சைரன் ஊதுகிறது. தினம் சாயங்காலம் என்னைத் தீயிலிருந்து காப்பாற்றிவிட்டுத்தான் சாப்பிடும். எனக்குச் சம்பளம் சனிக்கிழமை. சட்டைப்பையில் நூற்றுப் பத்து.

"மேடம், கொக்கிக்கு எவ்வளவு வேணா திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா மஞ்சள் வந்துபோன கதையை இத்தனை பெரிய எழுத்துல போடறீங்க. முயலுக்கு அரைப்பக்கம். காசு விஷயத்தை மட்டும் முதுகுல எறும்பு மாதிரி ஒளிச்சு வெக்கறீங்க. அந்த முயலைக் கொஞ்சம் பின்னாடி அனுப்பினா என்ன, கோவிச்சுக்குமா?"

"மத்தவங்க எல்லாம் திருப்பிப் படிக்கறாங்களே."

ரசீதக்கா இருமினார். "பதினோரு பேர் பாக்கிங்க, மேடம். உங்க தம்பியும் சேர்த்து."

"அவனா? எவ்வளவு?"

"நானூறு. அவர் ஒரு புதன் கூட."

தலைமையாசிரியை கடிதத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். முயல் சிரித்தது. "சரி. இந்தப் புதன் பன்னிரண்டரைக்கு வந்து பிள்ளையைக் கேட்டைத் தாண்டிக் கூட்டிட்டுப் போறவங்களுக்குப் பழைய பாக்கியை அடிச்சிடுங்க. வராதவங்க முழுசாக் கட்டணும். என் தம்பியா இருந்தாலும்."

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கே போய் வெயிலில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர் கழுத்துப்பட்டையெல்லாம் வியர்வையாக நின்றார். ரசீதக்கா என்னைப் பார்த்து, கண்ணாலேயே அவரைக் காட்டினார். தம்பி.

மணி அடித்தது. அவர் மகன் ஓடி வந்தான், இருவரும் போய்விட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையாகப் போனது. நண்டு என்னைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போய், ஊஞ்சல் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

"ஏம்ப்பா இப்பவே வந்தே? இது அவங்க நேரம். இனிமேதான் என் நேரம்."

"வாம்மா, மிட்டாய் வாங்கித் தரேன்."

"வேணாம்."

"பஸ்ல தீயணைப்பு வண்டி பாக்கப் போக வேணாமா?"

"அது வெள்ளிக்கிழமை. ஊஞ்சல் இன்னிக்கு."

வக்கீலுக்குப் பிறக்க வேண்டியது. ரசீதக்கா கேட்டில் ஒரு கையால் தாழ்ப்பாளையும் மறு கையால் சிவப்புப் பேனாவையும் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். "சாத்தப் போறேன், நண்டு அப்பா."

பிள்ளையைத் தூக்கிப் பார்த்தேன். ஊஞ்சலும் சேர்ந்து வந்தது. எத்தனையோ ஆயிரம் மூட்டை தூக்கியிருக்கிறேன், ஒன்றும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டதில்லை.

வேறு வழியில்லை. அங்கேயே, கேட்டில் நின்ற கடைசித் தாய்மார் இரண்டு பேர் பார்க்க, வாயைக் குவித்துச் சைரன் ஊதினேன். குடோனில் லாரி பின்னால் வரும்போது கத்திப் பழகிய தொண்டை. மரத்திலிருந்த காக்கை பறந்தது.

நண்டு சங்கிலியை விட்டது. "எங்கேப்பா தீ?"

"வீட்டுல. மேசைக் காலுக்கு அடியில!"

"ஓடுப்பா!" என்று எனக்கு முன்னால் பாய்ந்தது. நேராக, நண்டு மாதிரியே இல்லை. நான் ஊதிக்கொண்டே பின்னால் ஓடினேன். கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது ரசீதக்கா சிரிப்பில் குலுங்கிக்கொண்டு சிவப்புப் பேனாவால் ஒரு கோடு கிழித்தார். கோடு கோணல்தான். முந்நூற்று அறுபதும் போய்விட்டது.