சந்தா இல்லாத வைஃபை

நாற்றுப்பண்ணைக்காரர் பூந்தொட்டிகளைக்கூடச் சங்கிலியால் பிணைத்து வைப்பவர். அப்படிப்பட்டவருக்கு, பண்ணைக் கம்பத்தில் மாட்டியிருந்த வைஃபை பெட்டி பூட்டே இல்லாமல் திறந்து கிடப்பது தெரியவந்ததும் சோறு இறங்கவில்லை. மதிலோரம் யாரோ இரண்டு பேர் நின்று போனில் படம் பார்த்துச் சிரித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டார்.

மனைவியின் தங்கைக்கு நெட்வொர்க் வேலை. விடுமுறையன்று அவளை வரவழைத்தார். அவள் கவிழ்த்த தொட்டியின் மேல் மடிக்கணினியை வைத்து, பெட்டியோடு வந்த பழைய அட்மின் கடவுச்சொல்லை முதலில் மாற்றினாள். பிறகு வைஃபையில் சேருகிறவர்களுக்கும் ஒரு கடவுச்சொல் வைத்தாள்.

"அத்தான், இதுக்கு லைன் எங்கேர்ந்து வருது? கேபிளையே காணோமே."

"காத்துலயே வரும்னு மாட்டினவன் சொன்னான். மாசச் சந்தாகூட கிடையாது. யாருக்குக் கிடைக்கும் இப்படி?"

"இல்ல, செட்டிங்ஸ்ல இன்னொரு பக்கத்தையும் திறந்து பாத்துட்டா..."

"பூட்டச் சொன்னா பூட்டு. சும்மா நோண்டாதே."

அவள் நோண்டவில்லை.

பக்கத்துத் தையற்கடைக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "என்னண்ணே, ஏதோ பெரிய வேலை நடக்குது?"

"உங்க மாடியிலயும் ஒரு பெட்டி இருக்கே தம்பி, பூட்டியிருக்கீங்களா?"

"இல்லண்ணே. துணிக்காகக் காத்திருக்கறவங்களுக்குப் பொழுது போகட்டும்னு விட்டுட்டேன்."

"நல்லா விட்டீங்க! எவனோ ஒருத்தன் உங்க லைனை அட்டை மாதிரி உறிஞ்சிட்டு உக்காந்திருப்பான். அவன் ஏதாவது தப்புத்தண்டா பண்ணினா, வந்து உங்க கதவைத்தான் தட்டுவாங்க. பெத்த தாயே வந்து கேட்டாலும் கடவுச்சொல்லைக் குடுக்கக்கூடாது."

தையற்கடைக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. பண்ணைக்காரரின் மச்சினியைக் கையோடு தன் மாடிக்கு அழைத்துப்போனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, புதுக் கடவுச்சொல்லைத் தானே தட்டினார்.

அவள் திரும்பி வந்தபோது அத்தான் போனை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணித் தொலைச்சே? நெட்டே வரல!"

இந்தத் தடவை அவள் யாரையும் கேட்காமல் அந்த இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மாட்டினவர் பொய் சொல்லல அத்தான். காத்துலதான் வந்திருக்கு. தையற்கடையிலேர்ந்து. அதை வாங்கித்தான் உங்க பெட்டி இத்தனை நாளா பண்ணை முழுக்கக் குடுத்திருக்கு."

வீட்டுக்குள் மனைவி சிரித்த சத்தம் வெளியே கேட்டது. பூச்செடி கேட்டவர்களுக்கெல்லாம் படம் அனுப்பவேண்டிய நேரம் அது. வேறு வழியில்லாமல் அவர் தையற்கடைப் படியேறினார்.

"தம்பி, ஒரு அவசரம். அந்தக் கடவுச்சொல்லைக் கொஞ்சம்..."

தையற்கடைக்காரர் இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னைச் சோதிக்கிறீங்களாண்ணே? ஏமாற மாட்டேன்! நீங்களே கேட்டாலும் கிடையாது."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதிரில் இருந்த முகத்தில் அப்படியொரு பெருமை, நன்றி.

"அதான், இப்படித்தான் இருக்கணும்" என்று தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கி வந்தார்.

மறுவாரம் கேபிள் பதிக்கப் பண்ணையைக் குறுக்கே தோண்டினார்கள். ரோஜாப் பாத்தி ஒன்று முழுசாகப் போயிற்று. தையற்கடைக்காரர் மதிலோரம் நின்று பார்த்தார்.

"காத்துலயே வருதுன்னு சொல்லுவீங்களே, இப்ப எதுக்குண்ணே இவ்வளவு சிரமம்?"

"காத்தை நம்ப முடியாது தம்பி" என்றார் அவர், வேரோடு கிடந்த செடிகளைப் பொறுக்கியபடி.